பட்டர் கூடியது, நுரை குறைந்தது: ஒரு வீட்டு சோப்பின் நிகழ்வு ஆய்வு

தாம்பரம் பக்கத்தில் இருக்கும் தோழி ஒருவர் வீட்டுத் தேவைக்குச் சோப்பு செய்கிறார். விற்பனை கிடையாது. கேட்கிற சொந்தக்காரர்களுக்கு ஒன்றிரண்டு கட்டி கொடுப்பதோடு சரி. நெடுநாளாக அவர் செய்துவந்தது முழுக்க முழுக்கத் தேங்காய் எண்ணெய் சோப்பு. பொங்கிப் பொங்கி நுரை வரும், அழுக்கும் நன்றாகப் போகும். ஆனால் குளித்துத் துவட்டியதும் முழங்கையும் கணுக்காலும் வெளுத்துப்போய்த் தோல் இழுக்கும். நுரையும் வந்த வேகத்தில் அடங்கிவிடும். அவர் ஆசைப்பட்டது வேறு மாதிரி நுரைக்கு: பால் ஏடு போலக் கையில் திரண்டு நின்று, வழுக்கிக்கொண்டு உடம்பில் பரவி, கழுவிய பிறகும் தோலை வறட்டாமல் விட வேண்டும்.

அப்படிப்பட்ட நுரைக்கு விலங்குக் கொழுப்பும் தாவர பட்டரும் (சில கொட்டைகளிலிருந்து எடுக்கும் கெட்டியான கொழுப்பு) வேண்டும் என்று படித்துத் தெரிந்துகொண்டார். படித்தது சரிதான். ஆனால் அவர் செய்த முதல் பேட்ச் வெட்டும்போதே உதிர்ந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். தேய்த்தால் நுரை என்று சொல்ல ஒன்றுமில்லை. தேங்காய் எண்ணெயைவிடப் பல மடங்கு விலையுள்ள பட்டர் அதில் போயிருந்தது என்பதால் ஆத்திரமும் கூடவே. "பட்டர் பத்தலையோ?" என்றுதான் என்னிடம் முதலில் கேட்டார். பத்தாமல் போகவில்லை, அதிகமாகியிருந்தது. கோளாறு அது ஒன்று மட்டும் இல்லை என்பதால் விஷயத்தை முழுதாக எழுதுகிறேன்.

முதல் பேட்ச்

கொழுப்பு மொத்தம் 1,000 கிராம். அதில் உருக்கிய மாட்டுக் கொழுப்பு 450, கோகம் பட்டர் 250, கோகோ பட்டர் 150, தேங்காய் எண்ணெய் 150. காஸ்டிக் சோடா 134 கிராம், தண்ணீர் 270 கிராம். காஸ்டிக் சோடாவைக் கணக்குப்படி தேவையானதைவிட 8 சதவீதம் குறைத்திருந்தார். இப்படிக் குறைப்பதைத்தான் சூப்பர்ஃபேட் என்கிறோம். அந்த அளவுக்குக் கொழுப்பு சோப்பாக மாறாமல் கட்டிக்குள்ளேயே தங்கும்.

கோகம் தெரியாதவர்களுக்கு: கொங்கணக் கரையிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் காய்க்கும் புளிப்புப் பழம் அது. அதன் கொட்டையிலிருந்து எடுக்கும் கொழுப்புதான் கோகம் பட்டர். விரலால் அழுத்தினால் அமுங்காது, உடையும். ஆப்பிரிக்க ஷியா மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் ஷியா பட்டரைவிட மிகக் கடினமானது. கோகோ பட்டரும் கடினம்தான், கொஞ்சம் கீழே.

தோழி கணக்குப் போட்ட விதம் புரிகிறது. தேங்காய் எண்ணெய் தோலை வறட்டுகிறது, குறைத்துவிடலாம். பட்டர் தோலுக்கு இதம், கூட்டிவிடலாம். சூப்பர்ஃபேட்டையும் ஏற்றிவிட்டால் இன்னும் மென்மை. ஒவ்வொன்றாகப் பார்த்தால் எதுவும் தப்பில்லை. மூன்றையும் ஒன்றாகச் செய்ததில்தான் சோப்பு படுத்துவிட்டது.

செய்முறையில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. காஸ்டிக் கரைசலை முந்தின நாள் இரவே கலக்கி ஆற வைத்திருந்தார். கொழுப்புகளை உருக்கி, அவையும் ஏறக்குறைய அறை வெப்பத்துக்கு, 33 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கும்வரை காத்திருந்தார். சூடாகக் கலந்தால் சீக்கிரம் இறுகி மோல்டில் ஊற்ற முடியாமல் போகும் என்ற பயம். இரண்டையும் சேர்த்து ஹேண்ட் பிளெண்டரை நாலு சுற்று விட்டதுமே கலவை கெட்டியாகிவிட்டது. ட்ரேஸ் வந்துவிட்டது, அதாவது எண்ணெயும் கரைசலும் பிரியாத அளவுக்குச் சேர்ந்துவிட்டன என்று நினைத்து மோல்டில் ஊற்றினார்.

மாலையில் மோல்டு சூடாகி, மேலே எண்ணெய் மினுமினுத்தது. ராத்திரிக்குள் அதில் பாதி உள்ளே இழுத்துக்கொண்டது. மறுநாள் மாலை கத்தியை வைத்தபோது முதல் துண்டு வெட்டுப்பட்ட இடத்தில் நொறுங்கியது. அடுத்தது இரண்டாகப் பிளந்தது.

புள்ளி காரமா, கொழுப்பா

வெள்ளைப் புள்ளியைப் பார்த்ததும் எல்லோருக்கும் முதலில் வரும் சந்தேகம், காஸ்டிக் சோடா கரையாமல் தங்கிவிட்டதோ என்பது. அப்படியானால் அந்தச் சோப்பை உடம்பில் போடவே கூடாது. எனவே மற்ற ஆராய்ச்சிக்கு முன்னால் இதை முடிக்க வேண்டும்.

ஈர விரலால் புள்ளியின் மேல் தேய்த்து, அந்த விரலை நுனி நாக்கில் லேசாகத் தொட்டுப் பார்ப்பது வழக்கமான சோதனை. காரம், அதாவது காஸ்டிக் சோடா, மிச்சமிருந்தால் சுருக்கென்று மின்சாரம் பட்டது போல் இருக்கும், சந்தேகத்துக்கே இடம் வைக்காது. இல்லையென்றால் வெறும் சோப்புக் கசப்பு மட்டும். வெவ்வேறு துண்டுகளில் பார்த்தோம், எங்கும் சுருக்கென்று இல்லை. பிறகு ஒரு புள்ளியைக் கத்தி நுனியால் நோண்டி எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்தினோம். விரல் சூட்டில் மெல்ல இளகிப் பிசுபிசுத்தது. காரம் இளகாது. ஆக, அது கொழுப்பு. சோப்பாக மாறுவதற்கு முன்பே உறைந்துபோன கொழுப்பு.

இதோடு மற்றதும் பிடிபட்டது. மாட்டுக் கொழுப்பு முழுதாக உருகியிருக்க 40 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், சிலவற்றுக்கு 45-க்கும் மேல். கோகம் பட்டர் 40 டிகிரியை ஒட்டி உருகும். இவற்றை 33 டிகிரிக்கு இறக்கினால் அவை திரவமாக இருக்குமா? உறைய ஆரம்பித்திருக்கும். அதன் மேல் குளிர்ந்த கரைசலை ஊற்றியதும் மிச்சமும் இறுகும். பிளெண்டர் போட்டதும் கெட்டியானதற்குக் காரணம் இதுதான். சோப்பு உருவானதால் வந்த கெட்டி இல்லை அது, கொழுப்பு உறைந்ததால் வந்த கெட்டி. சோப்பு செய்பவர்கள் இதைப் பொய் ட்ரேஸ் என்பார்கள்.

மோல்டுக்குள் போன பிறகு நிஜமான வினை தொடங்கி, சூடு கிளம்பி, உறைந்த கொழுப்பு மறுபடி உருகியது. ஏற்கெனவே சரியாகக் கலக்காததால் அதில் ஒரு பங்கு மேலே மிதந்தது. சாயங்காலம் மினுமினுத்த எண்ணெய் அதுதான். உருகாமல் நின்ற துணுக்குகள் புள்ளிகளாயின.

பொய் ட்ரேஸா என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. கலவையில் ஒரு கரண்டி எடுத்துச் சின்னக் கிண்ணத்தில் போட்டு, வெந்நீர் மேல் வைத்துக் கிண்டிப் பாருங்கள். மறுபடி தண்ணியாக ஓடினால் பொய். சூடு பட்டும் கெட்டியாகவே நின்றால், அல்லது இன்னும் இறுகினால், நிஜம்.

வெட்டும்போது உதிர்ந்ததற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. கடினக் கொழுப்பு மிகுந்த சோப்பு மளமளவென்று இறுகிவிடும். ஆலிவ் எண்ணெய் சோப்பை இரண்டு நாள் கழித்து வெட்டினாலும் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கும், இது அப்படியில்லை. ஊற்றிய எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள், கட்டி இன்னும் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும்போதே வெட்டிவிட வேண்டும். ஒருநாள் முழுதும் விட்டுவைத்தால் உடையும்.

நுரை எங்கே போனது

இதுவரை சொன்னதெல்லாம் சூட்டைச் சரியாக வைத்திருந்தால் தீர்ந்திருக்கும். நுரை இல்லாமல் போனது அப்படியில்லை, அது ஃபார்முலாவின் கோளாறு.

எந்தக் கொழுப்பை எடுத்தாலும் அது பெரும்பாலும் சில கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் சேர்ந்த சேர்மம். காஸ்டிக் சோடா அதைப் பிரித்து, அமிலங்களைச் சோடியம் உப்பாக மாற்றுகிறது. அந்த உப்புதான் சோப்பு. கிளிசரின் கட்டிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. இந்தக் கொழுப்பு அமிலங்களை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துக் காட்டியவர் ஷெவ்ரோல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். அவர் எடுத்துக்கொண்டதும் விலங்குக் கொழுப்பைத்தான். தன் ஆய்வுகளை 1823-இல் நூலாக வெளியிட்டார். எந்தக் கொழுப்பு எப்படி நுரைக்கும் என்று நாம் இன்று கணக்குப் போடுவதற்கு அடிப்படை அதுதான்.

தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அது பெரிய பெரிய குமிழியாகச் சட்டென்று நுரைக்கும், தண்ணீரில் எளிதாகக் கரையும், எண்ணெய்ப் பசையை முரட்டுத்தனமாக வழித்தெடுக்கும். மாட்டுக் கொழுப்பில் பால்மிட்டிக் அமிலம் கால் பங்குக்குச் சற்று மேல், ஸ்டியரிக் அமிலம் ஐந்தில் ஒரு பங்கு அளவு. இவை இரண்டும்தான் சின்னச் சின்னக் குமிழியாக, அடர்த்தியாக, நீண்ட நேரம் நிற்கும் நுரையைத் தருபவை. க்ரீமி நுரை என்று நாம் சொல்வது இதைத்தான். ஓலியிக் அமிலம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருப்பதால் தோலுக்கு மிருதுவும் கிடைக்கிறது. மாட்டுக் கொழுப்பு தனியாகவே ஓரளவு சமநிலையான சரக்கு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலர் அதை வெறும் மலிவுப் பொருளாக நினைக்கிறார்கள்.

கோகம் பட்டரில் ஸ்டியரிக் மட்டுமே பாதிக்கு மேல். கோகோ பட்டரில் மூன்றில் ஒரு பங்கு ஸ்டியரிக், கால் பங்குக்கு மேல் பால்மிட்டிக். தோழியின் பேட்சில் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஸ்டியரிக் மட்டும் 29 சதவீதம் வருகிறது. பால்மிட்டிக்கும் சேர்ந்தால் 48. லாரிக்கும் அதன் கூட்டாளி மிரிஸ்டிக்கும் சேர்ந்து 14-ஐத் தாண்டவில்லை.

இங்கேதான் சிக்கல். ஸ்டியரிக் அமிலத்தின் சோப்பு தனியாக இருந்தால் குளிர்ந்த தண்ணீரில் கிட்டத்தட்டக் கரையாது. கரையாத சோப்பு நுரைக்காது. அது நுரையைப் பிடித்து நிறுத்துமே தவிர, தானாகக் கிளப்பாது. கிளப்ப லாரிக் வேண்டும், அல்லது ஆமணக்கு எண்ணெயில் இருக்கும் ரிசினோலியிக் அமிலம் வேண்டும். கிளப்ப ஆளே இல்லாமல் நிறுத்துவதற்கு மட்டும் ஆள் நிறைய வைத்தால் என்ன ஆகும்? ஈரமான வழவழப்பான கட்டி ஒன்று கையில் இருக்கும், அவ்வளவுதான். நம் ஊரில் பெரும்பாலும் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெந்நீர் ஷவரில் குளிக்கும் குளிர் நாட்டுக்காரர் எழுதிவைத்த ஃபார்முலா இங்கே அதே மாதிரி நடந்துகொள்ளாது.

மேலே 8 சதவீத சூப்பர்ஃபேட் வேறு. மாறாமல் தங்கும் கொழுப்பு நுரையைக் கொல்லும். கொஞ்சம் இருந்தால் தோலுக்கு நல்லது, கூடினால் நுரைக்குக் கேடு.

தோழிக்கு இருந்த இன்னொரு நம்பிக்கை: பட்டரை ட்ரேஸ் வந்த பிறகு கடைசியில் சேர்த்தால் அது சோப்பாக மாறாமல் அப்படியே தங்கும் என்பது. அடுப்பில் சமைக்காமல் கலந்து ஊற்றும் இந்தக் குளிர் முறையில் அதற்கு உத்தரவாதம் கிடையாது. ட்ரேஸ் வரும்போது காஸ்டிக் சோடாவில் பெரும்பகுதி இன்னும் வேலை செய்யாமல்தான் இருக்கும். கடைசியில் வந்த பட்டரென்று அது விட்டுவைக்காது. சோப்பை அடுப்பில் வைத்துச் சமைக்கும் சூட்டு முறையில் மட்டும், வினை முடிந்த பிறகு சேர்த்தால் இந்தக் கணக்கு செல்லும்.

தண்ணீரும் குற்றவாளி

அந்த வீட்டில் போர்வெல் தண்ணீர். குழாய் வாயில் வெள்ளைப் படிவு, பாத்ரூம் டைல்ஸில் உப்புக் கறை. அதே சோப்புக் கட்டியை வாங்கிய கேன் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தபோது நுரை கண்ணுக்குத் தெரியுமளவு கூடியது. பெரிய வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இருந்தது.

உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைத் திரியாக மாறிவிடுகின்றன. பக்கெட்டின் உட்புறம் கைக்கு வழவழவென்று ஒட்டும் அழுக்கு வளையம் அதுதான். அந்த அளவுக்குச் சோப்பு வீண். அதற்குப் பிறகு மிஞ்சும் சோப்புதான் நுரைக்கும். ஸ்டியரிக் மிகுந்த, ஏற்கெனவே கரையத் தயங்கும் கட்டிக்கு இந்த அடி பலமாக விழும்.

இதற்கு மளிகைக் கடையிலேயே மருந்து இருக்கிறது, எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம். காஸ்டிக் கரைசலில் அது சோடியம் சிட்ரேட்டாக மாறி, கால்சியத்தைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்ளும். ஆனால் மாறுவதற்குக் காஸ்டிக் சோடாவைத் தின்னும். 10 கிராம் எலுமிச்சை உப்புக்கு 6.2 கிராம் கூடுதல் காஸ்டிக் சோடா போட வேண்டும். அதை மறந்தால் சூப்பர்ஃபேட் நம்மை அறியாமல் ஏறிவிடும்.

கொழுப்பு எங்கிருந்து வந்தது

ஃபார்முலாவுக்குப் போகும் முன் மூலப்பொருள். தோழி முதலில் முயன்றது வழக்கமாக வாங்கும் கடையின் ஆட்டுக் கொழுப்பை. கடினத்தில் குறையில்லை, ஆனால் வாடை. எத்தனை முறை கழுவி உருக்கினாலும் ஆட்டு வாடை அடியில் நிற்கும். ஆட்டுக் கொழுப்புக்கே உரிய கிளைச் சங்கிலி அமிலங்கள் சில அதில் இருக்கின்றன, மிகச் சிறிய அளவிலேயே மூக்குக்கு எட்டிவிடும். எனவே மாட்டுக் கொழுப்புக்கு மாறினார்.

கடையில் நடந்த பேச்சை அவர் சொல்லக் கேட்டுச் சிரித்தேன்.

"பாய், கிட்னியைச் சுத்தி இருக்கிற கொழுப்பு கிடைக்குமா?"

"இருக்குக்கா. நாய்க்கா?"

"இல்ல, சோப்பு பண்ண."

"சோப்பா! நான் தூக்கித்தான் போடுறேன். எவ்வளவு வேணும், எடுத்துக்குங்க. கைமா மாதிரி கொத்தித் தரவா?"

கொத்தித் தருகிறேன் என்றது பெரிய உதவி. கிட்னியைச் சுற்றியிருக்கும் கொழுப்பு மற்றதைப் போல் கொழகொழவென்று இருக்காது. வெளுப்பாக, வறண்டு, கையால் பிட்டால் பிளந்து வரும், நடுவில் மெல்லிய ஜவ்வு ஓடும். வாடை குறைவு, கடினம் அதிகம். எவ்வளவு பொடியாகக் கொத்துகிறோமோ அவ்வளவு சீக்கிரம், குறைந்த சூட்டில் உருகும். குறைந்த சூட்டில் உருகினால்தான் வெள்ளையாக வரும். தீயைக் கூட்டினால் சக்கை கருகி, கொழுப்பு பழுப்பேறி, வறுத்த கறி வாசம் சோப்புக்குள் போய்விடும்.

உருக்கியது எவர்சில்வர் பாத்திரத்தில், கொழுப்பு மூழ்கும் அளவு தண்ணீரும் ஒரு கை கல்லுப்பும் சேர்த்து, சிறு தீயில். மேலே வந்த நுரையை அவ்வப்போது எடுத்துவிட்டு, சக்கை சுருங்கியதும் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, ஒரு ராத்திரி விட்டார். காலையில் மேலே கெட்டியான வெள்ளை வட்டு, கீழே மங்கலான தண்ணீர். வட்டைத் தூக்கித் திருப்பினால் அடிப்பக்கம் பழுப்பாக, சளி மாதிரி ஒரு படலம் ஒட்டியிருக்கும். வாடையின் பெரும்பகுதி அதில்தான். கத்தியால் அதைச் சுரண்டி எறிந்துவிட்டு, புதுத் தண்ணீர், புது உப்பு என்று திரும்ப உருக்க வேண்டும். வடிக்கும் தண்ணீர் தெளிவாகும்வரை இதைச் செய்தார். கடைசி முறை தண்ணீரில்லாமல் வெறும் கொழுப்பை மட்டும் சிறு தீயில் வைத்து, குமிழி வருவது நிற்கும்வரை ஈரத்தைப் போக்கினார். ஈரம் மிச்சமிருந்தால் கொழுப்பு சிக்கடிக்கும், எடைக் கணக்கும் தப்பும்.

கொழுப்பிலிருந்து வடித்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். அதில் கொஞ்சம் கொழுப்பு எப்படியும் இருக்கும், குழாய் அடைத்துக்கொள்ளும்.

இரண்டாவது பேட்ச்

பழைய தொழிற்சாலைக் குளியல் சோப்புகளின் அடிப்படை விகிதம் ஒன்று உண்டு. எட்டுப் பங்கு மாட்டுக் கொழுப்பு, இரண்டு பங்கு தேங்காய் எண்ணெய். பட்டர் எதுவும் இல்லை. அடர்த்தியான நுரை கொழுப்பிலிருந்து, அதைக் கிளப்பும் குமிழி தேங்காயிலிருந்து. வெளிநாட்டு சோப்பு உறைகளில் சோடியம் டாலோவேட், சோடியம் கோகோயேட் என்று அடுத்தடுத்து அச்சிட்டிருப்பது இந்த ஜோடியைத்தான். நாங்கள் இதையே அஸ்திவாரமாக எடுத்துக்கொண்டு, கொஞ்சம் தளர்த்தினோம்.

மாட்டுக் கொழுப்பு 500 கிராம், தேங்காய் எண்ணெய் 200, தவிட்டு எண்ணெய் 150, ஷியா பட்டர் 100, விளக்கெண்ணெய் 50. சூப்பர்ஃபேட் 5 சதவீதம். அதற்குக் காஸ்டிக் சோடா 139 கிராம். 10 கிராம் எலுமிச்சை உப்புக்காக இன்னும் 6 சேர்த்து 145. தண்ணீர் 280. சர்க்கரை ஒரு டேபிள்ஸ்பூன், தண்ணீரில் முதலிலேயே கரைத்தது. நுரைக்கு அது கைகொடுக்கும்.

கோகமும் கோகோவும் போய், ஷியா மட்டும் பத்தில் ஒரு பங்காக நின்றது. ஷியாவில் ஸ்டியரிக்கும் ஓலியிக்கும் ஏறக்குறைய சமம், எனவே கோகம் அளவுக்கு இறுக்காது. சோப்பாக மாறவே மாறாத பொருட்களும் அதில் மற்ற கொழுப்புகளைவிட அதிகம், தோலில் தெரியும் வழவழப்பில் அவற்றுக்குப் பங்குண்டு. கணக்குப் போட்டால் ஸ்டியரிக் 29-லிருந்து 16 சதவீதத்துக்கு இறங்குகிறது. பால்மிட்டிக்கோடு சேர்த்து 36 அளவில் நிற்கிறது. லாரிக்கும் மிரிஸ்டிக்கும் 17-ஐத் தாண்டுகின்றன. விளக்கெண்ணெய் ஐந்து சதவீதம்தான், ஆனால் அது இல்லாவிட்டால் வித்தியாசம் தெரியும். பத்துக்கு மேல் போனால் கட்டி பிசுபிசுக்கும்.

இந்த எண்களை அப்படியே எடுத்துச் செய்யாமல், உங்கள் கொழுப்பின் கணக்கை ஒரு சோப்புக் கால்குலேட்டரில் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எடையைக் கிராம் தராசில்தான் பார்க்க வேண்டும், டம்ளர் அளவெல்லாம் காஸ்டிக் சோடாவிடம் நடக்காது.

இந்த முறை சூட்டில் சமரசம் செய்யவில்லை. கொழுப்பையும் ஷியாவையும் ஒரு துணுக்கும் மிஞ்சாமல் 65 டிகிரிவரை உருக்கி, எண்ணெய்களைச் சேர்த்து, கலக்கும்போது 48 டிகிரியில் வைத்திருந்தோம். கரைசலும் ஏறக்குறைய அதே சூட்டில். ஷியாவை ஊற்றிய பாத்திரத்தின் விளிம்பில்கூட உறைந்த கோடு எதுவும் இல்லாததைப் பார்த்த பிறகுதான் பிளெண்டரைத் தொட்டார். ட்ரேஸ் வர முதல் தடவையைவிட நேரம் பிடித்தது. அவருக்குக் கை பரபரத்தது. கரண்டியைத் தூக்கி விட்டபோது விழுந்த கலவை மேலே ஒரு நொடி கோடாக நின்று பிறகு மூழ்கியது. சந்தேகம் தீர ஒரு கரண்டியை வெந்நீர் மேல் வைத்துப் பார்த்தோம், இளகவில்லை. ஊற்றினோம்.

காஸ்டிக் சோடா பற்றி இரண்டு வார்த்தை, ஏனென்றால் இதில் தப்பு நடந்தால் ஆஸ்பத்திரிதான். தண்ணீரில் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், காஸ்டிக் சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. குபீரென்று கொதித்துத் தெறிக்கும். எலுமிச்சை உப்பை முன்னதாகத் தண்ணீரில் கரைத்துவிட்டுத்தான் இதைத் தொடங்க வேண்டும், சூடும் வழக்கத்தைவிட அதிகமாகக் கிளம்பும். அலுமினியமோ இண்டாலியமோ பக்கத்தில்கூட வேண்டாம், காரம் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். எவர்சில்வர் அல்லது கெட்டியான பாலிப்ரொப்பிலீன் பாத்திரம் போதும். கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல், பிள்ளைகள் வீட்டில் இல்லாத நேரம். தோலில் பட்டால் வினிகர் தேடிக்கொண்டிருக்காமல் குழாயைத் திறந்து நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

வந்த சோப்பு

ஊற்றியது காலையில், வெட்டியது அன்று இரவே. கத்தி தயங்காமல் இறங்கியது. வெட்டுமுகம் தந்த நிறத்தில், புள்ளியில்லாமல், விரல் வைத்தால் லேசாகப் பதியும் பதத்தில். மறுநாள் காலை பதியவில்லை.

வெட்டியதும் ஒரு துண்டைத் தேய்த்துப் பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். புது சோப்பின் நுரை எப்போதும் மெலிவு. நாலு முதல் ஆறு வாரம் காற்றாட வைத்தால் தண்ணீர் வற்றி, கட்டியின் உள்ளமைப்பு படிந்து, நுரை மாறும். மாட்டுக் கொழுப்பு சோப்பு இதில் இன்னும் பொறுமை கேட்கும், எட்டாவது வாரத்தில் ஆறாவது வாரத்தைவிட நன்றாக இருந்தது. சென்னை ஈரக்காற்றில் கட்டியின் மேல் முத்து முத்தாக வியர்த்தது. உள்ளே இருக்கும் கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுப்பதால் அது வருகிறது, கெட்டுப்போனது என்று நினைக்க வேண்டாம். ஃபேன் காற்று படும் அலமாரிக்கு மாற்றியதும் நின்றுவிட்டது.

முதல் பேட்ச் கட்டியையும் புதுக் கட்டியையும் அதே போர்வெல் தண்ணீரில், பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேய்த்தோம். பழையதில் கை வழுக்கியதே தவிர வெள்ளை தெரியவில்லை. புதியதில் முதலில் தேங்காய்க் குமிழி கொஞ்சம் எழுந்து, தேய்க்கத் தேய்க்கக் குமிழிகள் சிறுத்து, விரலிடுக்கில் வழித்தெடுக்கும் அளவுக்குத் திரண்டது. கையைக் கவிழ்த்தாலும் உடனே விழவில்லை. பக்கெட்டில் வளையம் படிவதும் குறைந்தது, முழுக்க நிற்கவில்லை.

வாடை? அருகில் வைத்து மூக்கை நீட்டினால் மெல்லிய கொழுப்பு மணம் உண்டு. தெரிந்தவருக்குத் தெரியும். வெட்டிவேரோ லாவண்டரோ சேர்த்தால் மறையும், தோழி சேர்க்கவில்லை.

தவிட்டு எண்ணெயில்தான் எனக்குச் சின்ன நெருடல். அதில் லினோலியிக் அமிலம் மூன்றில் ஒரு பங்கு, நாளாவட்டத்தில் காற்றுப் பட்டு ஆரஞ்சுப் புள்ளி விழுந்து சிக்கடிக்க வாய்ப்புண்டு. 15 சதவீதத்தோடு நிறுத்தியது அதனால்தான். அதன் இடத்தில் ஆலிவ் எண்ணெய் போட்டால் இன்னும் நாள் தாங்கும், செலவு கூடும்.

மாட்டுக் கொழுப்பு ஆகாத வீடுகளுக்கு

இந்த ஊரில் பாதிப் பேருக்கு இந்தக் கேள்வி வந்திருக்கும். 1983-இல் வனஸ்பதியில் மாட்டுக் கொழுப்பைக் கலந்த விவகாரம் நாடு முழுக்கப் பெரிதாக வெடித்து, மாட்டுக் கொழுப்பின் இறக்குமதியை அரசு தடை செய்தது. இன்று நம் கடைகளில் கிடைக்கும் சோப்பு உறைகளைத் திருப்பிப் பார்த்தால் சோடியம் பாமேட் என்றுதான் பெரும்பாலும் இருக்கும், அதாவது பாமாயில். அதில் ஸ்டியரிக் குறைவு, பால்மிட்டிக் நாற்பது சதவீதத்துக்கு மேல். மாட்டுக் கொழுப்பு 500 கிராமுக்குப் பதில் பாமாயில் 400, கோகம் பட்டர் 100 என்று போட்டால் விடுபட்ட ஸ்டியரிக்கில் பெரும்பகுதி திரும்பிவிடும், நுரையும் கிட்டத்தட்ட அதே குணத்துக்கு வரும். முதல் பேட்சில் கெடுதல் செய்த கோகத்துக்கு இதில் நல்ல வேலை இருக்கிறது. காஸ்டிக் சோடா கணக்கை மட்டும் புதிதாகப் போட வேண்டும். பன்றிக் கொழுப்பு கிடைப்பவர்களுக்கு அது இன்னும் சுலபம்: உருகும் சூடு குறைவு, ஸ்டியரிக்கும் குறைவு, ஓலியிக் அதிகம், பொய் ட்ரேஸ் தொல்லை அரிது.

சோப்பை யாருக்குக் கொடுத்தாலும் உள்ளே என்ன கொழுப்பு என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும். தோழி கட்டிகளைச் சுற்றும் காகிதத்தில் பேனாவால் எழுதியே விடுகிறார். விற்க நினைத்தால் அழகுசாதனப் பொருள் உற்பத்திக்கான உரிமம் வேண்டும், அது தனிக் கதை.

உதிர்ந்த முதல் பேட்ச் வீணாகவில்லை. துருவி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, இரட்டைப் பாத்திரத்தில் உருக்கி, அவரிடம் மீந்திருந்த பழைய தேங்காய் எண்ணெய் சோப்பையும் பாதிக்குப் பாதி துருவிச் சேர்த்து மறுபடி மோல்டில் அடைத்தார். பார்க்கக் கரடுமுரடு. ஆனால் லாரிக் வந்து சேர்ந்ததும் அதே கோகமும் கோகோவும் நுரையைப் பிடித்து நிறுத்த ஆரம்பித்தன. கை கழுவும் இடத்தில் இப்போது அதுதான் கிடக்கிறது.